நாலாம் நம்பர் கேன்

நன்னிலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர் பஸ் நிறுத்தத்தில் என் படம் போட்ட ஃப்ளெக்ஸ் போர்டு ஒன்று இரண்டு கோடையைத் தாண்டி இன்னும் நிற்கிறது. வெயிலில் என் முகம் முக்கால்வாசி வெளுத்துவிட்டது. மூக்குக்கண்ணாடியும் பட்டுப்புடவையின் கரையும் மட்டும் பளிச்சென்று இருக்கின்றன. கீழே, 'நம்ம ஊர் நெல்லை நடுக்கடலில் கண்டுபிடித்த அக்காவுக்கு வாழ்த்துகள்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். வைத்தவன் என் தம்பி. நான் கடலில் கண்டுபிடித்தது என்ன என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். சொல்லி முடிக்கும்போது என் மேல் உங்களுக்கு இருக்கும் மரியாதை, அந்தப் போர்டில் மிச்சமிருக்கும் என் முகம் அளவுக்குத்தான் மிஞ்சும்.

நான் தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். நாற்பதை நெருங்கும்போது, பிள்ளை ஆறாம் வகுப்புக்குப் போன பிறகு, டாக்டர் பட்டம் வாங்க வேண்டும் என்று ஆசை வந்தது. மற்றவர்கள் இருக்கிற வேலையைக் காப்பாற்றிக்கொள்ளப் படிப்பார்கள். நானோ உலகத்தின் அறிவில் ஒரு ஓட்டை இருப்பதாகவும், அதை அடைக்க என்னை விட்டால் ஆள் இல்லை என்றும் நம்பிக்கொண்டு படித்தேன். தலைப்பு, கடல்நீரில் மிதக்கும் கரிமத் துகள்களில் கார்பன் ஐசோடோப்புகள். இதைச் சொன்னபோது சொந்தக்காரர்கள் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, 'கடல் தண்ணி ஆராய்ச்சி' என்று சுருக்கிக்கொண்டேன்.

விஷயம் ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. கடல்நீரை அள்ளி வந்து மெல்லிய கண்ணாடி இழை ஃபில்டரில் வடிகட்டினால், பழுப்பாக ஒரு படலம் தங்கும். கண்ணுக்குத் தெரியாத பாசி, செத்த பாசி, சின்ன உயிர்களின் கழிவு, ஆறு அடித்து வந்த மக்கு எல்லாம் அதில் இருக்கும். அதிலுள்ள கார்பன் எங்கே பிறந்தது என்று கேட்பதுதான் என் வேலை. கார்பனில் இலேசானதும் உண்டு, கொஞ்சம் கனமானதும் உண்டு. நெல் போன்ற பயிர் காற்றிலிருந்து கார்பனை எடுக்கும்போது கனமானதை நிறையவே ஒதுக்கிவிடும். கடல் பாசி அந்த அளவுக்கு ஒதுக்காது. அதனால் மெஷினில் கொடுத்தால் கடல் பாசி மைனஸ் இருபது, இருபத்தொன்று என்று காட்டும். நெல் மைனஸ் இருபத்தேழு, இருபத்தெட்டு என்று காட்டும். ஜாதகம் பார்ப்பது மாதிரிதான், எண்ணைப் பார்த்தால் பிறந்த ஊர் தெரிந்துவிடும்.

இதில் சுத்தம் ரொம்ப முக்கியம். ஃபில்டரை முதலில் உலையில் வைத்துச் சுட்டு, அதிலிருக்கும் கார்பனை எரித்துவிட வேண்டும். இடுக்கியால்தான் தொட வேண்டும். "உன் விரல் பட்டா உன் வீட்டுச் சாம்பாரும் மெஷின்ல வந்துடும்" என்று என் மாணவிகளை மிரட்டுவேன். அவர்கள் பயந்து கையுறைக்கு மேல் கையுறை போட்டுக்கொள்வார்கள். ஆய்வகச் சுவரில் பத்து விதிகள் எழுதி ஒட்டியிருந்தேன். ஏழாவது விதி, 'கேனைக் கழுவும்போது குழாயைக் கழற்றி, வாஷரைத் தனியாக எடுத்துக் கழுவவும்.' கீழே என் கையெழுத்தும் உண்டு.

தண்ணீர் எடுக்க அதிராம்பட்டினத்துக்கு மாதம் ஒருமுறை போவேன். அங்கே ஒரு பாய் தன் ஃபைபர் படகில் என்னை ஏற்றிக்கொள்வார். மீன் பிடிக்கிற படகில் தண்ணீர் பிடிக்க வருகிற பொம்பளையை அவர் முதல் மாதம் சந்தேகமாகப் பார்த்தார். இரண்டாம் மாதம் நான் படகில் வாந்தி எடுத்ததும் அந்தச் சந்தேகம் இரக்கமாக மாறிவிட்டது. அவர் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். கரைக்கு வந்ததும் எலுமிச்சம்பழத்தை வெட்டி முகர்ந்து பார்க்கக் கொடுப்பார்.

கடலில் நான்கு இடங்கள், நான்கு வெள்ளைக் கேன்கள். ஒவ்வொன்றும் ஐந்து லிட்டர், அடியில் குழாய் வைத்தது. முதல் மூன்று இடங்களும் கடலுக்குள். நாலாவது, வாய்க்கால் கடலில் கலக்கும் முகத்துவாரம். நாலாம் நம்பர் கேன் அதற்கு.

அந்த வருஷம் பொங்கலுக்குத் தம்பி புது நெல்லை அரைத்து ஒரு சிப்பம் பச்சரிசி கொண்டுவந்து தஞ்சாவூர் வீட்டில் இறக்கினான். எங்கள் அம்மாவும் அப்பாவும் வாழ்நாள் முழுக்க அடுத்தவர் வயலில் நட்டு அறுத்தவர்கள். சொந்தமாக மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர் நிலம் வந்தது தம்பி தலையெடுத்த பிறகுதான். அதனால் ஒவ்வொரு பொங்கலுக்கும் அவன் கொண்டுவரும் அரிசி வெறும் அரிசி இல்லை, அது ஒரு அறிவிப்பு. ஆனால் மூன்று பேர் இருக்கிற வீட்டில் இருபத்தைந்து கிலோ பச்சரிசியை வைத்து நான் என்ன செய்வது? பெரிய மனசோடு அதை அப்படியே பஸ்ஸில் ஏற்றி, பாய் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பெரிய மனசு என்று நான் சொல்லிக்கொண்டதுதான். உண்மையில் வைக்க இடம் இல்லை.

அடுத்து நோன்பு மாதம் வந்தது. அன்று கடல் உள்வாங்கி முகத்துவாரத்தில் வெறும் சேறாகக் கிடந்ததால் படகு உள்ளே போகவில்லை. மூன்று கேன்கள் நிறைந்தன. நாலாவது காலி. கரைக்கு வரும்போது பள்ளிவாசலில் கஞ்சி ஊற்றும் நேரம். அங்கே நோன்புக் கஞ்சி யார் வந்து நின்றாலும் கிடைக்கும். எந்தச் சாமியைக் கும்பிடுகிறாய் என்று கேட்க மாட்டார்கள், பாத்திரம் எங்கே என்றுதான் கேட்பார்கள். அக்கா வீட்டில் அதற்குள் ஒரு வாளி நிறையக் கஞ்சி வந்திருந்தது.

"டீச்சர், கஞ்சி வாங்காமப் போனா எப்படி? ஏனம் கொண்டாங்க" என்றார் அக்கா.

என்னிடம் ஏனம் இல்லை. "பாத்திரம் நான் தர்றேன், அடுத்த மாசம் கொண்டாந்து குடுங்க" என்று அவர் சொல்லத்தான் சொன்னார். அடுத்த மாதம் வரை ஒரு பாத்திரத்தை ஞாபகம் வைத்திருப்பது என்னால் ஆகாத காரியம். அதனால் நாலாம் நம்பர் கேனை நீட்டினேன். அவர் தயங்கினார்.

"இதுல என்னமோ மருந்தெல்லாம் ஊத்துவீங்களே?"

"ரொம்ப சுத்தமானதுக்கா. உங்க வீட்டு ஏனத்த விடச் சுத்தம்" என்றேன். புனலும் என்னுடையதுதான், ஆய்வகத்தின் புனல்.

தஞ்சாவூரில் சமையல் மேடை விளிம்பில் கேனை வைத்து, ஏதோ கல்யாண வீட்டு டிரம் போலக் குழாயைத் திறந்தேன். இரண்டு டம்ளர் வந்தது. பிறகு அடைத்துக்கொண்டது. என் கொண்டை ஊசியைக் கழற்றிக் குழாய்க்குள் விட்டுக் குடைந்தேன். மறுபடியும் வந்தது. வீட்டுக்காரரும் பிள்ளையும் ஆளுக்கு மூன்று டம்ளர் குடித்தார்கள். தேங்காய்ப்பாலும் வெந்தயமும் கறியின் வாசனையுமாக அவ்வளவு ருசி. பிறகு கேனைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஆய்வகத்தில் மற்ற மூன்றோடு சேர்த்து ஆசிட்டிலும் அலசினேன். குழாயைக் கழற்றவில்லை. ஏழாவது விதி மாணவிகளுக்காக எழுதியது அல்லவா?

படிக்கிற உங்களுக்கு இப்போதே புரிந்திருக்கும். எனக்குப் புரிய இரண்டு வருஷம் ஆனது.

அடுத்த மூன்று மாதமும் முகத்துவாரத்துத் தண்ணீரை அதே கேனில் எடுத்தேன். வேறு ஊரில் இருக்கும் மெஷினுக்கு அனுப்பினேன். முடிவு வந்த அன்று நாற்காலியில் உட்கார முடியவில்லை. மற்ற மூன்று இடங்களும் வழக்கம்போல மைனஸ் இருபத்தொன்று. முகத்துவாரம் மட்டும் முதல் மாதம் மைனஸ் இருபத்தேழை ஒட்டி நின்றது. அடுத்த மாதம் இருபத்தைந்து. அதற்கடுத்த மாதம் இருபத்துமூன்று. அறுவடை முடிந்த டெல்டாவிலிருந்து நெல்லின் கார்பன் கடலுக்குள் இறங்கி, மாதத்துக்கு மாதம் கரைந்துகொண்டே போவதைக் கண்ணால் பார்க்கிறேன் என்று நினைத்தேன். புள்ளிகளைச் சேர்த்துக் கோடு போட்டால் அப்படி ஒரு அழகான வளைவு. நான் அலச அலசக் குழாயிலிருந்த கஞ்சிதான் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று வந்திருக்கிறது. அந்த வளைவுக்குக் கணிதச் சமன்பாடு வேறு எழுதினேன்.

என் வழிகாட்டி, ஓய்வுபெறும் வயதை நெருங்கிய மெதுவான மனிதர், வரைபடத்தை நெடுநேரம் பார்த்தார்.

"ஏம்மா, திரும்ப ஒரு தடவை பாத்துட்டீங்களா?"

"ரெண்டு ரெண்டு ஃபில்டரா பாத்தேன் சார். ரெண்டும் ஒண்ணுபோல வருது."

இரண்டும் ஒன்றுபோலத்தான் வரும். இரண்டும் ஒரே குழாயிலிருந்து பிடித்தவை. அதை அவரும் கேட்கவில்லை, நானும் நினைக்கவில்லை. காய்ச்சி வடித்த நீரை ஊற்றிச் சோதித்துப் பார்த்திருந்தால் கேனின் அழுக்கு தெரிந்திருக்குமே என்று நீங்கள் கேட்கலாம். அந்தச் சோதனையை இரண்டாம் நம்பர் கேனில் செய்தேன். அதுதான் கைக்கு எட்டியது.

சந்தேகப்பட்டவன் ஒருவன்தான். போனில் விஷயத்தைச் சொன்னதும் தம்பி கேட்டான்.

"எப்பக்கா எடுத்த தண்ணி?"

"ஏப்ரல்லேருந்து ஜூன் வரைக்கும்."

"மேட்டூரத்தான் தையிலயே மூடிட்டானே. வாய்க்கால்ல ஆடுல்ல மேயுது. தண்ணியே போகாம நெல்லு எப்படிப் போவும்?"

"வைக்கோல் வயல்ல மக்கிக் கெடக்கும்டா. கோடை மழையில அடிச்சிட்டுப் போயிருக்கும்."

"கோடை மழையா? ஒரு நாள் தூத்தல் போட்டுச்சு. அதுல எங்க புழுதியே அடங்கல."

பத்தாம் வகுப்போடு நின்றவனுக்கு ஐசோடோப்பு எப்படிப் புரியும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். இதை எழுதும்போது காது சுடுகிறது. நாற்று பறித்த கையோடு பள்ளிக்கூடம் போனவள் நான். சித்திரையில் வாய்க்கால் எப்படிக் கிடக்கும் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்ததை ஓரமாகத் தள்ளி வைத்தேன். அறுவடை மெஷின் கிளப்புகிற தூசி காற்றில் பறந்து கடலில் விழுந்திருக்கலாம், நிலத்தடி நீர் வழியாகப் போயிருக்கலாம் என்று மூன்றாம் அத்தியாயத்தில் இரண்டு பக்கம் எழுதினேன். எனக்கு அது உண்மையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அம்மா குனிந்தே நட்ட பயிரில் ஒரு துளியாவது கடல் வரை போயிருக்கிறது என்று உலகத்துக்கு நிரூபிக்கிற பேறு எனக்குக் கிடைத்திருக்கிறது என்று நினைத்தேன். அதை விட மனசு வரவில்லை.

ஒரு கருத்தரங்கில் அந்த வளைவைக் காட்டிப் பரிசு வாங்கினேன். பரிசு என்றதும் தம்பிக்குத் தூத்தலும் மேட்டூரும் மறந்துபோயின. அந்தப் பொங்கலுக்குத்தான் போர்டு வைத்தான். "நம்ம ஊர்த் தண்ணி கெழக்க போவுதுடா, அதிராம்பட்டினம் பக்கமே போறதில்ல. டெல்டா நெல்லுன்னு போடு" என்று சொல்லிப் பார்த்தேன். "டெல்டா நெல்லுன்னா நம்ம ஊரு நெல்லு இல்லையா?" என்றான். அதற்கு மேல் நானும் வற்புறுத்தவில்லை. புகைப்படத்துக்குப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு நின்றவள் நான்தானே.

தண்ணீர் எடுக்கும் வேலை முடிந்தது. அடுத்த நோன்புக்கு நான் அதிராம்பட்டினம் போகவில்லை, ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருந்தேன். சமர்ப்பித்தேன். வெளியூர்த் தேர்வாளர்கள் இருவரும் மூன்றாம் அத்தியாயத்தைத்தான் பாராட்டியிருந்தார்கள். மற்ற அத்தியாயங்களைப் பற்றி, 'போதுமானவை' என்று ஒரு வரி. வாய்மொழித் தேர்வுக்கு நாள் குறித்தார்கள். அது அதற்கடுத்த நோன்பு மாதத்தில் விழுந்தது. எங்கள் பக்கத்தில் வாய்மொழித் தேர்வு என்பது பாதி தேர்வு, பாதி கல்யாணம். எல்லாருக்கும் சொல்ல வேண்டும், எல்லாரும் வருவார்கள், முடிந்ததும் இனிப்பும் காரமும் கொடுக்க வேண்டும்.

பாயையும் அக்காவையும் நேரில் அழைக்கப் போனேன். அழைப்பிதழைப் பாய் வாங்கிப் பார்த்துச் சிரித்தார். நான் கிளம்பும்போது அக்கா என் கையைப் பார்த்தார்.

"வெறுங்கையா வந்திருக்கீங்களே டீச்சர். அன்னைக்கு மாதிரி கேன் கொண்டாந்திருந்தா கஞ்சி ஊத்தியிருப்பேனே. நாலுன்னு நம்பர் போட்டிருக்குமே, அந்தக் கேன்."

ஒரு பெண்ணின் பட்டம் போகிற சத்தம் அவ்வளவு சாதாரணமாக இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. "இல்லக்கா, இன்னைக்கு வேண்டாம்" என்று ஏதோ சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். பட்டுக்கோட்டை வருவதற்குள் மாதங்களை விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். கஞ்சி, அதற்கு அடுத்த மாதம் இருபத்தேழு. நேராக ஆய்வகத்துக்குப் போனேன்.

கேன்கள் பரண் மேல் கிடந்தன. நாலாவதை இறக்கி, ஏழாவது விதிப்படி குழாயைக் கழற்றினேன், முதல்முறையாக. வாஷருக்கு அடியில், மரையின் இடுக்கில், மஞ்சளாக ஒரு செதில் ஒட்டியிருந்தது. பக்கத்தில் என் கொண்டை ஊசி கீறிய தடம். செதிலை இடுக்கியால் எடுத்து முகர்ந்தேன். வெந்தய வாசனை வந்ததா, குற்றமுள்ள மனசு வந்ததாகச் சொன்னதா, தெரியாது. அதைச் சின்ன வெள்ளீயத் தாளில் மடித்து, மெஷின் வைத்திருப்பவரிடம் அவசரம் என்று கெஞ்சி அனுப்பினேன். தேர்வுக்கு இரண்டு நாள் முன்னால் பதில் வந்தது. மைனஸ் இருபத்தேழு. என் வாழ்க்கையிலேயே சுத்தமாகச் செய்த ஒரே அளவீடு அதுதான்.

வழிகாட்டியிடம் போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அந்த மூணு மாசத்தையும் எடுத்துட்டா மூணாம் அத்தியாயத்துல என்ன மிஞ்சும்?"

"தலைப்பு மிஞ்சும் சார்."

அவர் சிரிக்கவில்லை. "நீங்க சொல்லலேன்னா யாருக்கும் தெரியப் போறதில்ல. சொன்னா அன்னைக்குப் பட்டம் கெடைக்காது. நான் அடுத்த மாசம் ரிட்டையர் ஆகுறேன். எனக்காகச் சொல்லாம இருக்க வேண்டாம், எனக்காகச் சொல்லவும் வேண்டாம்" என்றார்.

சொல்லிவிடுவது என்று அங்கேயே முடிவு செய்தேன் என்று எழுதத்தான் ஆசை. வீட்டுக்குப் போய் அந்தச் செதிலை மறந்துவிடுவதற்கு ஆறு காரணம் எழுதிப் பார்த்தேன். நான்காவது காரணம் நன்றாகவே இருந்தது. போர்டைப் பற்றி யோசித்தேன், பரிசைப் பற்றி யோசித்தேன். எல்லாவற்றையும்விட, தேர்வுக்கு வருகிற ஊர்க்காரர்கள் முன்னால் எப்படி நிற்பது என்று பயந்தேன். அந்தப் பயம் வெட்கக்கேடான அளவுக்கு இருந்தது.

தேர்வு அன்று காலை தம்பி வேன் பிடித்து வந்துவிட்டான். பதினெட்டுப் பேர், ஒரு டின் லட்டு. அம்மா முதல் ஆளாக இறங்கினார். முழங்கால் வலிக்காரர், பிடித்துக்கொள்ள என் தோளில் கை வைத்தார்.

"கடலு வரைக்கும் போயிருக்காமே நம்ம நெல்லு" என்றார். "தம்பி சொல்லிட்டே வந்தான். வேன்ல வர்றவங்க எல்லாருக்கும் சந்தோஷம்."

நான் ஆறு காரணத்தையும் அந்த இடத்திலேயே விட்டேன். அம்மாவிடம் பொய்யை வைத்துக்கொண்டு சந்தோஷமாக இருக்கச் சொல்ல என்னால் முடியவில்லை. பொய் சொல்லத் தெரியாதவள் என்று நினைத்துவிடாதீர்கள், நன்றாகத் தெரியும். இவ்வளவு பெரியதைச் சொல்லிப் பழக்கமில்லை.

முதல் இரண்டு அத்தியாயங்களையும் பேசி முடித்தேன். அரங்கத்தின் முன்வரிசையில் தேர்வாளர், நடுவில் எங்கள் ஊர், கடைசி வரிசையில் நோன்போடு பஸ் ஏறி வந்திருந்த பாயும் அக்காவும். மூன்றாம் அத்தியாயத்தின் வளைவு திரையில் வந்ததும், தனக்குத் தெரிந்த ஆளைக் கண்டது போலத் தம்பி நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"இந்த முடிவு தவறு" என்றேன். "தண்ணீர் எடுத்த கேனின் குழாயில் உணவுப் பசை தங்கியிருந்திருக்கிறது. அதன் அளவையும் எடுத்துவிட்டேன். முகத்துவாரத்தில் நெல்லின் கார்பன் இருந்ததற்கு என்னிடம் ஆதாரம் இல்லை."

தேர்வாளர் முன்னால் சாய்ந்தார்.

"என்ன உணவு?"

அதைச் சொல்லாமல் தப்பிவிடலாம் என்று நினைத்திருந்தேன். கடைசி வரிசையைப் பார்த்தேன். "நோன்புக் கஞ்சி, சார்."

யாரோ சிரித்தார்கள், அப்புறம் நிறையப் பேர் சிரித்தார்கள். அக்கா தலையைக் குனிந்து முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "கஞ்சி கொடுத்தவங்க மேல எந்தத் தப்பும் இல்ல. அவங்க பாத்திரம் தர்றேன்னு சொன்னாங்க. கேன நீட்டினது நான். குழாயக் கழுவாம வச்சதும் நான்" என்றேன். எழுத்துத் தமிழ் அதற்குள் போய்விட்டது.

தேர்வாளரும் வழிகாட்டியும் உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்தார்கள். மூன்றாம் அத்தியாயத்துக்குத் திரும்பத் தண்ணீர் எடுத்து, திரும்ப எழுதி, திரும்பச் சமர்ப்பிக்க வேண்டும். இன்று பட்டம் இல்லை. தேர்வாளர் போகிற போக்கில், "புதுக் கேன் வாங்கிக்கோங்கம்மா" என்றார்.

வெளியே நடையில் எங்கள் ஊர் ஒரு ஓரமாக நின்றது. லட்டு டின்னைத் திறப்பதா வேண்டாமா என்று யாருக்கும் தெரியவில்லை. தம்பி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். "போர்ட நாளைக்கு எடுத்துடுறேன்" என்றான், என்னைப் பார்க்காமல். அம்மாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை.

அப்போது அக்கா வந்தார். மன்னிப்புக் கேட்க நான் வாயைத் திறப்பதற்குள் அவரே பேசினார்.

"டீச்சர், எந்தக் கஞ்சியச் சொல்றீங்க? கேன்ல வாங்கிட்டுப் போனீங்களே, அதுவா?"

"ஆமாங்கக்கா. உங்க மேல ஒண்ணும்..."

"அது இருக்கட்டும். அன்னைக்குக் கஞ்சி எங்க வீட்டு முறை. ஒவ்வொரு நாளைக்கு ஒவ்வொரு வீடு அரிசி குடுக்கணும். நீங்க பொங்கலுக்குக் கொண்டாந்த பச்சரிசி சிப்பம் பிரிக்காம இருந்துச்சு. அதைத்தான் பள்ளிவாசலுக்குக் குடுத்தோம். உங்க அரிசியத்தான் உங்களுக்கே ஊத்தினேன்."

தம்பி மெதுவாகத் திரும்பினான்.

"எந்த அரிசி?" என்று என்னைக் கேட்டான். "நான் கொண்டாந்து எறக்கினேனே, அதுவா? அத நீங்க சாப்பிடலையா?"

ஒரே நாளில் இரண்டாவது குற்றமும் வெளியே வந்துவிட்டது. இல்லை என்று தலையாட்டினேன்.

அவன் என் பக்கம் வந்தான். "அப்ப கேன்ல இருந்தது நம்ம மூணு மா நெல்லு."

"ஆமா."

"கேனுக்குள்ள கடல் தண்ணி."

"ஆமாடா, ஆனா அது..."

"கடல் தண்ணியில நம்ம நெல்லு இருந்திச்சா, இல்லையா?"

இருபது வருஷமாக வேதியியல் சொல்லிக்கொடுக்கிறவளை மூன்றே வரியில் மடக்கிவிட்டான். அம்மாதான் முதலில் சிரித்தார். என் தோளைப் பிடித்துக்கொண்டு, முழங்கால் வலியையும் மறந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். "இவ கையிலேயே தூக்கிட்டுப் போயிருக்கா பாருங்க" என்று அக்காவிடம் சொன்னார். அக்காவும் சிரித்தார். நானும் அழுதுகொண்டே சிரித்தேன். தம்பி லட்டு டின்னைத் திறந்தான். பாயும் அக்காவும் ஆளுக்கு ஒன்றை நோன்பு திறந்த பிறகு சாப்பிடக் காகிதத்தில் மடித்து வாங்கிக்கொண்டார்கள்.

புதுக் கேன்களோடு நான் திரும்பவும் பாயின் படகில் ஏறினேன், திரும்பவும் வாந்தி எடுத்தேன். கோடையில் அந்த முகத்துவாரம் மைனஸ் இருபத்தொன்று. நெல்லுக்கான அடையாளமே இல்லை. இதைக் கண்டுபிடிக்க எட்டு மாதம் ஆனது. தம்பி போனிலேயே சொல்லியிருந்தான். மூன்றாம் அத்தியாயத்தில் கேனின் கதையையும் எழுதினேன். மாசு வந்த இடம் என்ற கட்டத்தில், 'ஆய்வாளரின் குடும்ப வயல், நன்னிலம் வட்டம்' என்று போட்டேன். பழைய வழிகாட்டி ஓய்வுபெற்ற பிறகும் அதைப் படித்துவிட்டு, அந்தக் கட்டத்தை மட்டும் எடுக்க வேண்டாம் என்று போன் செய்தார்.

பட்டம் வந்தது. தம்பி புதுப் போர்டு வைக்கவில்லை. பழைய போர்டிலேயே 'அக்காவுக்கு' என்பதற்கு முன்னால் 'டாக்டர்' என்று ஒரு ஸ்டிக்கரை ஒட்டினான். ஊருக்குப் போய் பஸ்ஸைவிட்டு இறங்கும்போதெல்லாம் அதைப் பார்க்கிறேன். எடுக்கச் சொல்ல எனக்கு மனசு வருவதில்லை. 'நடுக்கடலில்' என்ற ஒரு சொல்லைத் தவிர அதில் பொய் எதுவும் இல்லை.